பலகைப் புலியும் வேற்றுலகப் பகைவரும்
(வியூக விளையாட்டுகளில் பகைவனைப் படைக்கும் முறை: ஓர் ஆய்வு)

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

முன்னுரை

ஆட்டம் என்று வந்துவிட்டால் எதிரே ஒருவர் வேண்டும். தாயம் உருட்டினாலும், பல்லாங்குழி ஆடினாலும், சடுகுடு ஆடினாலும் இதில் மாற்றமில்லை. ஆனால் எதிரே நிற்பவர் நம்மைப் போன்றவராகவே இருக்க வேண்டுமா, முற்றிலும் வேறு வகையினராகவும் இருக்கலாமா என்பது ஆட்டத்தை அமைப்பவன் முதலில் தீர்க்க வேண்டிய வினா. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் நம் மாணவர் பலர் கைபேசியில் ஆடும் ஆட்டங்களில், எதிரே வருவோர் பெரும்பாலும் இவ்வுலகத்தவர் அல்லர். அவர்கள் வானிலிருந்து இறங்குகின்றனர். பல கால்களும் கூரிய பற்களும் உடையவர்களாக இருக்கின்றனர். நாம் அவர்களை வீழ்த்துகிறோம். அவர்கள் யாவர், ஏன் வந்தனர் என்று கேட்பதில்லை.

இந்த வேற்றுலகப் பகைவரைப் பற்றி எழுதுவது கல்லூரி மலருக்குத் தகுமா என்று சிலர் ஐயுறக்கூடும். பகைவனைப் பற்றிய ஆராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. திருவள்ளுவர் 'பகைமாட்சி', 'பகைத்திறம் தெரிதல்', 'உட்பகை' என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்து, முப்பது குறட்பாக்களைப் பகைக்கென்றே ஒதுக்கினார். ஆநிரை கவர்தல் முதல் அரண் முற்றுதல் வரை போரின் வகைகளைத் தொல்காப்பியம் திணை திணையாகப் பகுத்தது. ஆகவே இன்றைய கணிப்பொறி விளையாட்டுகள் பகைவனை எவ்வாறு படைக்கின்றன என்று காண்பது அந்த மரபின் தொடர்ச்சியே ஆகும்.

ஈண்டு 'வியூக விளையாட்டு' என்னும் சொல்லுக்குப் பொருள் கூறிவிடுவது நலம். கைவிரைவை மட்டும் நம்பாமல், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் வகுத்த மூன்றினாலும் வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படும் ஆட்டமே வியூக விளையாட்டு. சதுரங்கம் அத்தகையது, ஆடுபுலி ஆட்டம் அத்தகையது, கணிப்பொறியில் படை திரட்டி ஆடும் ஆட்டங்களும் அத்தகையனவே.

1. ஒத்த பகையும் ஒவ்வாப் பகையும்

சதுரங்கத்தில் இருபுறமும் பதினாறு காய்கள். வெள்ளை யானைக்கு உள்ள நடைதான் கறுப்பு யானைக்கும். நிறத்தை மாற்றிவிட்டால் என் படையே எதிரியின் படை. இதனை ஒத்த பகை எனலாம். இதில் எதிரி யாரென்று அறிய வேண்டிய தேவை இல்லை. என்னை நான் அறிந்தால் அவனையும் அறிந்தவனாகிறேன்.

ஆடுபுலி ஆட்டம் அவ்வாறன்று. முக்கோணத்தில் கோடுகள் குறுக்கிட்டு உண்டாகும் 23 இடங்கள், 3 புலிகள், 15 ஆடுகள். ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு இருப்பினும் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆடப்படுவது இதுவே. புலிகள் தொடக்கத்திலேயே பலகையேறிவிடும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லா ஆடுகளும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலியோ அதற்குள் நகரும். அருகில் உள்ள ஆட்டைத் தாண்டி அப்பால் உள்ள வெற்றிடத்தில் குதித்து அதனை வெட்டும். ஆடு ஒருபோதும் வெட்டாது. புலிகளுக்கு நகர இடமில்லாமல் செய்து அடைப்பதே ஆடுகளின் வெற்றி.

இங்கே இரு தரப்புக்கும் எண்ணிக்கை வேறு, நடை வேறு, வெற்றியின் பொருளே வேறு. இதனை ஒவ்வாப் பகை எனலாம். இவ்வாட்டத்தில் ஆடுகளை நடத்துபவன், 'நான் என்ன செய்யலாம்' என்று எண்ணுவதோடு நில்லாமல், 'புலி என்ன செய்யும்' என்றும் எண்ணியே தீர வேண்டும். புலி ஓர் ஆட்டைத் தாண்டும். ஒரே கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டைத் தாண்டாது. இந்த ஒரு விதியைக் கண்டுகொண்டவன் ஆடுகளை முதுகோடு முதுகாக நிறுத்தத் தொடங்குகிறான். 'கூடி நின்றால் புலி அண்டாது' என்னும் கதை பலகையிலேயே இருக்கிறது. யாரும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வலிமை ஒவ்வாத இரு தரப்பைச் சமமாக நிறுத்த முடியுமா என்ற ஐயம் எழலாம். நேபாளத்தில் 'பாக்-சால்' என்ற பெயரில் 4 புலிகளும் 20 ஆடுகளும் கொண்டு 25 இடங்களில் ஆடப்படும் உறவாட்டம் ஒன்று உண்டு. இதனைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்த லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகிய இருவரும், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும் என்ற முடிவை 2009-இல் வெளியிட்டனர். கணிதம் அறிந்த எவரும் எழுதி வைக்காமல், திண்ணையிலும் பாறையிலும் ஆடியாடியே மக்கள் கண்ட சமநிலை இது!

இன்னொரு செய்தியும் நம் எல்லைப் பகுதியினர் அறிய வேண்டியது. தமிழில் ஆடுபுலி ஆட்டம். கன்னடத்தில் ஆடு ஹுலி ஆட்ட. தெலுங்கில் மேக்க புலி ஆட்ட. மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூர் வட்டாரத்தில் மூன்று மொழியினருக்கும் பகைவன் ஒருவனே. அவன் புலி.

2. வேற்றுலகவாசி வந்த வழி

பலகையில் இருந்த புலி கணிப்பொறித் திரையில் வேற்றுலகவாசியாக மாறியது எவ்வாறு? அதற்கு ஒரு நாவலைக் கூற வேண்டும். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' என்னும் புதினத்தில் செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தின்மீது இறங்குகின்றனர். மூன்று கால் பொறிகளில் நடந்து, வெப்பக் கதிரால் ஊர்களை எரிக்கின்றனர். அவர்களை வீழ்த்துவது பீரங்கியன்று. கண்ணுக்குப் புலப்படாத நோய்க்கிருமி. இக்கதை வெறும் கற்பனை போலத் தோன்றினும், டாஸ்மேனியத் தீவின் பழங்குடியினரை ஐரோப்பியர் அழித்த கொடுமையை வெல்ஸ் முதல் அதிகாரத்திலேயே நினைவூட்டிவிடுகிறார். பிறர் நாட்டின்மேல் இறங்கியவர்கள், தம்மேல் ஒருவர் அவ்வாறு இறங்கினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே அந்தச் செவ்வாய்க் கோளினர்.

நம் பாராமகாலுக்கு இந்த அச்சம் கதையன்று. 1791-இல் கார்ன்வாலிஸின் படை ஓசூரைக் கைப்பற்றியது. 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. கர்னல் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தனர். எங்கிருந்தோ வந்தவர்கள், புரியாத மொழியினர், புதிய படைக்கலம் உடையவர்கள்! அன்றைய உழவனின் கண்ணுக்கு இவர்களே செவ்வாய்க் கோளினராகத் தோன்றியிருப்பர்.

ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 1978-இல் வெளிவந்தது. மனிதரைச் சுடுவது போல் ஆட்டம் அமைவது தகாது என்பதால், வெல்ஸ் காட்டிய எண்காலி வடிவத்தை நினைவிற்கொண்டு, எண்காலி, நண்டு, கணவாய் போன்ற உருவங்களை அவர் வரைந்தார். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில் 55 பகைவர். இதில் ஒரு விந்தை உண்டு. அக்காலக் கணிப்பொறியின் வேகம் குறைவு. 55 உருவங்களையும் நகர்த்தித் திணறியது. சிலர் வீழ்ந்ததும் சுமை குறைந்து எஞ்சியவர் விரைந்தனர். ஆடுபவருக்கோ, 'தோழர் மடிய மடியப் பகைவர் வெறிகொண்டு பாய்கின்றனர்' என்று தோன்றியது. பொறியின் இயலாமை பகைவனின் குணமாயிற்று!

இவ்வாட்டம் வியூக விளையாட்டன்று. ஆயினும் பின்வந்தோருக்கு இரண்டு மரபுகளை விட்டுச் சென்றது. பகைவனின் நடையிலிருந்து ஆடுபவர் அவன் குணத்தைத் தாமே ஊகித்துக்கொள்வர் என்பது ஒன்று. கொல்வதில் மனம் கூசாதிருக்க வேண்டுமாயின் பகைவன் மனிதனாக இருக்கக்கூடாது என்பது மற்றொன்று. முன்னது கலைக்கு உதவியது. பின்னது உதவியதா என்பதை இறுதியில் காண்போம்.

3. உடலே விதியாதல்

1998-இல் அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார்கிராஃப்ட்' ஒவ்வாப் பகைக்குச் சிறந்த சான்று. இதில் மூன்று இனங்கள். டெரன் என்போர் நம்மைப் போன்ற மனிதர். ஸெர்க் என்பது பூச்சிக் கூட்டத்தை ஒத்த உயிரினம். பெருமனம் ஒன்றின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. புரோட்டாஸ் என்போர் தொன்மையும் தொழில்நுட்பமும் உடைய பெருமித வீரர். இவ்விரண்டு வேற்றினங்களையும் ஒரே முன்னோர் உருவாக்கினர் என்றும், ஒன்றில் வடிவத்தின் தூய்மையையும் மற்றொன்றில் உட்பொருளின் தூய்மையையும் தேடினர் என்றும் கதை கூறுகிறது.

கதையை யாரும் எழுதலாம். அந்தக் கதை ஆட்டத்தின் விதியாக மாறியிருப்பதே இதன் சிறப்பு. ஒரு கட்டடம் எழுப்புவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மனிதரின் தொழிலாளி கட்டடம் முடியும்வரை அங்கேயே நின்று பாடுபட வேண்டும். புரோட்டாஸின் தொழிற்பொறி கட்டடத்தை வேறிடத்திலிருந்து வரவழைக்க வழி திறந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஸெர்க்கின் தொழிலுயிரோ தானே கட்டடமாக உருமாறி மறைந்துவிடும். ஒரு கட்டடம் வேண்டுமெனில் ஓர் உயிரை இழக்க வேண்டும். தனி உயிருக்கு மதிப்பில்லாத கூட்டம் அது என்பதைச் சொற்களால் விளக்க வேண்டியதில்லை, கணக்கே விளக்கிவிடுகிறது.

காயம் ஆறும் முறையும் இவ்வாறே. மனிதரின் வண்டியைத் தொழிலாளி பழுதுபார்க்க வேண்டும், அதற்குச் செலவுண்டு. ஸெர்க்கின் புண் தானே மெல்ல ஆறும். புரோட்டாஸின் கவசம் தானே நிறையும். கவசம் நீங்கி உடலில் பட்ட காயம் ஆறாது. படையின் அளவும் இனத்துக்கு ஏற்ப மாறும். ஸெர்க்கின் ஒரு முட்டையிலிருந்து 50 அலகுக் கனிமத்துக்கு இரண்டு சிறு வீரர் வெளிவருவர். புரோட்டாஸின் வாள்வீரன் ஒருவனுக்கு 100 அலகு வேண்டும். புலி சிலவாகவும் ஆடு பலவாகவும் நிற்கும் நம் பலகையின் கணக்கே வேறு உருவில் இங்கே வந்து நிற்கிறது.

மற்றொரு சிறப்பும் உண்டு. இதில் ஸெர்க் பக்கத்தையும் நாம் ஏற்று ஆடலாம். கதைப் பகுதியில் ஒரு காண்டம் முழுவதும் ஸெர்க்கின் தளபதியாக நின்றே ஆட வேண்டும். நேற்றுவரை அருவருத்த புழுக்கூட்டத்துக்கு இன்று உணவும் இடமும் தேடுவது நம் பொறுப்பு. அப்போது அதன் நெருக்கடி விளங்குகிறது. தென்கொரியாவில் இவ்வாட்டம் தொழில்முறைப் போட்டியாகவே வளர்ந்தது. அங்கே ஆண்டுக்கணக்காக ஆடியவர்கள் மூன்று இனங்களையும் வெல்லக் கற்றதோடு, அவற்றின் இடத்தில் அமர்ந்து எண்ணவும் கற்றனர்.

4. அறிவே படைக்கலமாதல்

பிரிட்டனைச் சேர்ந்த ஜூலியன் காலப், நிக் காலப் உடன்பிறந்தார் அமைத்து 1994-இல் வெளிவந்த 'எக்ஸ்-காம்' வேறொரு வழியில் சென்றது. இங்கே பகைவன் யார் என்பதே தெரியாது. வானில் தட்டுகள் பறக்கின்றன. ஊர்களில் அச்சம் பரவுகிறது. 16 நாடுகள் பொருளுதவி செய்து ஒரு காப்புப் படையை அமைக்கின்றன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. காவல் சரியில்லை என்று கருதும் நாடு பொருளுதவியைக் குறைக்கும். பகைவருடன் மறைவாக உடன்பாடு செய்துகொண்டு விலகியும் போகும்! வள்ளுவர் கூறிய உட்பகை இங்கே ஆட்டவிதியாக நிற்கிறது.

தொடக்கத்தில் நம் வீரரின் படைக்கலங்கள் எளியவை. பகைவர் நகரும்போது திரை மறைக்கப்படும். காலடி ஓசையும் கதவோசையும் மட்டும் கேட்கும். பெரிய தலையும் கரிய விழியும் உடைய சாம்பல்நிறக் குள்ளர், அமெரிக்கப் பறக்கும் தட்டுக் கதைகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். கிரிசலிட் என்னும் உயிரோ கொடியது. அது தாக்கிய மனிதன் நடைபிணமாகிறான். அந்த நடைபிணத்தைச் சாய்த்தால் உள்ளிருந்து இன்னொரு கிரிசலிட் வெளிவருகிறது. நம் இழப்பே அதன் பெருக்கம்.

இவர்களை வெல்லும் வழி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. வீழ்ந்த உடலைக் கொணர்ந்து அறுத்துப் பார்க்க வேண்டும். உலோகத்தைச் சோதிக்க வேண்டும். இயன்றால் உயிரோடு பிடித்து விசாரிக்க வேண்டும். உயிரோடு பிடிப்பது கொல்வதைவிடக் கடினம். பயனும் அதனினும் மிகுதி. தலைவர்களுள் ஒருவனைப் பிடித்து விசாரித்த பின்னரே, அவர்களின் மூலத்தளம் செவ்வாய்க் கோளில் இருப்பதும், இறுதிப் போர் அங்கே நிகழ வேண்டியிருப்பதும் தெரியவரும். கொன்று குவிப்பவன் தோற்கிறான், அறிந்துகொள்பவன் வெல்கிறான். பகைவரின் வரலாறு வெறும் அலங்காரமாக இல்லாமல் பரிசாக அமைந்திருக்கிறது என்பதே இவ்வாட்டத்தின் பெருமை.

குறையும் கூற வேண்டும். 'எக்ஸ்-காம்' ஆட்டத்தில் நாம் எதிர்ப்பக்கத்தில் அமர இயலாது. பகைவரை அறிவதெல்லாம் அழிப்பதற்கே. அவர்களோடு பேச ஒரு சொல்லும் நமக்கு இல்லை.

5. நிலமே எதிர்த்து நிற்றல்

1999-இல் வெளிவந்த 'ஆல்ஃபா சென்டாரி' இக்குறையை வேறு வகையில் நிரப்பியது. பிரையன் ரெனால்ட்ஸ் தலைமையில் உருவான இவ்வாட்டத்தில், மனிதர் தொலைவில் உள்ள ஒரு கோளில் குடியேறுகின்றனர். அங்கே செந்நிறக் காளான் காடுகள் பரந்துள்ளன. அவற்றிலிருந்து மனத்தைத் தாக்கும் புழுக்கூட்டங்கள் எழுகின்றன. முதலில் இவற்றை வழிப்பறிக் கூட்டம் என்று எண்ணுகிறோம். நாம் சுரங்கமும் ஆலையும் பெருக்கி நிலத்தைக் கெடுக்கக் கெடுக்க, காளான் ஊருக்குள் படர்கிறது. புழுக்கள் மிகுதியாக எழுகின்றன. படிப்படியாக ஓர் உண்மை தெரிகிறது: அந்தக் கோள் முழுவதும் ஓர் உயிர், நம் செயலுக்கு அது மறுமொழி கூறிக்கொண்டிருக்கிறது. அதனோடு இசைந்து வாழும் வழியைத் தேர்ந்தால் அந்தப் புழுக்களையே வசப்படுத்தி நம் பக்கம் சேர்க்கவும் முடியும்.

இவ்வாட்டத்தைப் பற்றி அறியும்போது நம் மாவட்டத்தை எண்ணாதிருக்க இயலவில்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூர் வளர்ந்த கதையை நாம் அறிவோம். அதே ஓசூரைச் சுற்றித் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் உள்ளன. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஆண்டுதோறும் யானைக் கூட்டங்கள் இவ்வழி வருகின்றன. கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் அவை வயலில் இறங்குவதும், சானமாவு காட்டில் வந்து தங்குவதும் நாளிதழ்களில் படித்துப் பழகிய செய்திகள். உழவர் பரண்மேல் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர், பட்டாசு வெடிக்கின்றனர். பயிர் போகிறது, சில வேளைகளில் மனித உயிரும் போகிறது, யானையின் உயிரும் போகிறது. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்ட பின்னும் இச்சிக்கல் தீர்ந்தபாடில்லை.

யானைக்கு எல்லைச் சாவடியும் இல்லை, தொழிற்பேட்டையும் இல்லை. அது அறிந்தது வழி, நீர், தீனி இவையே. அதனை 'அட்டகாசம் செய்யும் பகைவன்' என்று மட்டும் எழுதினால் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தின் நிலைக்கே நாம் இறங்கிவிடுகிறோம். அது எந்த மாதத்தில், எந்த ஓடை வழியே, எதை நாடி வருகிறது என்று கணித்தால் வியூக விளையாட்டின் நிலைக்கு உயர்கிறோம். பயிரிழந்த உழவனின் துயரை இது சிறிதும் குறைத்துக் கூறுவதன்று. பரணில் விழித்திருக்கும் அந்த உழவன்தான் யானையின் இயல்பை நம் எல்லோரையும்விட நன்கு அறிந்தவன். அவன் அறிவைக் கேட்டு எழுதி வைப்பார் இல்லை என்பதே நம் குறை.

6. மனிதனை வேற்றுலகவாசி ஆக்குதல்

முன்பு ஒதுக்கி வைத்த வினாவுக்கு இப்போது வருவோம். கொல்வதில் மனம் கூசாதிருக்கப் பகைவனை மனிதனல்லாதவன் ஆக்கினர். ஆட்டத்தில் இது நன்னோக்கமே. ஆனால் அந்தப் பழக்கம் ஆட்டத்தோடு நின்றுவிடுகிறதா?

நம் மண்ணின் பழைய மரபு வேறாக இருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காணப்படும் நடுகற்களுள் புலியோடு பொருது மாண்ட வீரர்க்கு எடுத்த கற்கள் உண்டு. அவற்றில் வீரனோடு புலியும் செதுக்கப்பட்டிருக்கும். வென்ற பகையை அழித்து மறைக்காமல் அதே கல்லில் இடங்கொடுத்தனர் நம் முன்னோர். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார் என்பதும் நாம் அறிந்ததே. பகைவன் பேசத்தக்கவன் என்ற எண்ணம் இருந்தால்தானே தூது உண்டு?

புலி யாருக்குப் பகை என்பதுகூட நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பலகையில் புலி ஆட்டுக்குப் பகை. சோழரின் கொடியிலோ புலி தம் பெருமையின் சின்னம். ஐரோப்பியன் ஒருவன்மேல் பாய்ந்து நிற்கும் புலியாகத் திப்பு சுல்தான் செய்வித்த மரப்பொறி 1799-இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. திப்புவுக்கு அந்தப் புலி தாமே. கீழே கிடந்தவனுக்கு அது எமன்.

இப்போது நம் எல்லைக்கு வருவோம். காவிரி நீர்ச் சிக்கலை ஒட்டி 2016 செப்டம்பரில் பெங்களூருவில் வன்முறை மூண்டு தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டபோது, எல்லையில் போக்குவரத்து நின்றது. சூசூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே மக்கள் பெட்டிகளைத் தலையில் சுமந்து நடந்தனர். முதல் நாள் ஒரே ஆலையில் ஒரே மேசையில் உணவருந்தியவர்கள், மறுநாள் வண்டியின் பதிவெண்ணைக் கொண்டு அளக்கப்பட்டனர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓசூர்ப் பட்டறைகளில் உழைக்கும் தொழிலாளரைப் பற்றி நம்மவர் சிலர் தேநீர்க் கடையில் பேசும் பேச்சைக் கேட்டால், 'கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றனர்' என்ற தொடர் அடிக்கடி வரும். இது ஸெர்க்கைப் பற்றிப் பேசும் மொழி! அவரவர்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, ஊரில் வட்டிக்கடன் உண்டு என்பது அம்மொழியில் மறைந்துவிடுகிறது.

கணிப்பொறி விளையாட்டே இதற்குக் காரணம் என்று கூறுவது அறியாமை. விளையாட்டு இல்லாத காலத்திலும் மனிதர் இவ்வாறு பேசினர். முகமில்லாத கூட்டமாகப் பிறரைக் காணும் கண் முன்பே இருக்கிறது. மோசமாக அமைந்த ஆட்டம் அந்தக் கண்ணுக்கு மை தீட்டுகிறது. நன்கு அமைந்த ஆட்டம் அதனைத் திறக்கிறது. இவ்வளவே கூறலாம்.

7. நல்ல பகைவனுக்கு நான்கு இலக்கணம்

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், வியூக விளையாட்டில் பகைவனைப் படைப்போர் கொள்ளத்தக்க நான்கு இலக்கணங்கள் கிடைக்கின்றன.

ஒன்று: பகைவனின் வேறுபாடு உருவத்தில் மட்டுமின்றி நடையிலும் இருக்க வேண்டும். கொம்பும் வாலும் ஒட்டிவிட்டு நம் படைவீரனைப் போலவே நடக்கவிட்டால் அவன் வேற்றுலகவாசி அல்லன், வேடதாரி.

இரண்டு: அவன் கதை அவனது விதியிலிருந்து விளங்க வேண்டும். நூறு பக்க வரலாற்றைவிடத் தன்னையே கட்டடமாக்கிக்கொள்ளும் ஓர் உயிர் மிகுதியாகச் சொல்லும்.

மூன்று: அவன் செயலை ஆராய்ந்து உய்த்துணர வழி வேண்டும். 2018-இல் வெளிவந்த 'இன்டு த பிரீச்' என்னும் ஆட்டம் சதுரங்கம் போல 8-க்கு 8 கட்டங்களில் அமைந்தது. அதில் பூதப் பூச்சிகள் அடுத்து எதைத் தாக்கும் என்பது முன்னதாகவே காட்டப்படுகிறது. எல்லாம் வெளிப்படையாக இருந்தும் ஆட்டம் எளிதாவதில்லை. அச்சம் குறைந்து சிந்தனை பெருகுகிறது.

நான்கு: இயன்றவரை பக்கம் மாறி ஆட இடம் வேண்டும். இதுவே தலையாயது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு சுற்று முடிந்ததும் ஆடு வைத்தவன் புலியை எடுத்துக்கொள்கிறான். இரு தரப்பும் ஒவ்வாதவை ஆகையால் அதுவே நியாயம். சற்றுமுன் தன்னை விரட்டிய புலிக்கு இப்போது தானே மூச்சுத்திணறுகிறான். அடைபட்ட புலியின் தவிப்பு என்னவென்று ஆடு வைத்து மட்டும் ஆடியவனுக்கு ஒருநாளும் தெரியாது.

முடிவுரை

கணிப்பொறி படிக்கும் நம் மாணவருள் சிலர் நாளை விளையாட்டு அமைக்கும் தொழிலுக்குப் போகக்கூடும். பெங்களூரு நமக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அவர்கள் செவ்வாய்க் கோளினரைத் தேடி மேலைநாட்டுக் கதைகளுக்குப் போக வேண்டியதில்லை. கேழ்வரகு வயலையும், காட்டோடையையும், பரணையும், யானைக் கூட்டத்தையும் 23 இடங்கள் கொண்ட ஒரு பலகையில் வைத்து, ஒரு சுற்று உழவனாகவும் மறுசுற்று யானையாகவும் ஆடும் ஆட்டம் ஒன்றை அமைக்கட்டும். கணிப்பொறிகூட வேண்டாம், கரிக்கோடும் கூழாங்கல்லும் போதும். நம் கல்லூரித் தாவரவியல், விலங்கியல், வரலாற்றுத் துறைகள் கூடினால் ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கலாம்.

யானையாக ஆடியவன் அடுத்த நாள் யானையைப் பார்க்கும் பார்வை மாறும். எல்லைக்கு அப்பாலுள்ளவனாக ஆடியவன் எல்லைக்கு அப்பாலுள்ளவனைப் பார்க்கும் பார்வையும் மாறும். ஓசூர்ப் பேருந்தில் கைபேசியில் ஆழ்ந்திருக்கும் நண்பர்களுக்கு இக்கட்டுரையின் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த முறை ஆடும்போது, 'இதனை எப்படி வீழ்த்துவது' என்பதோடு 'இதற்கு என்ன வேண்டும்' என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்கு அந்த ஆட்டத்தில் விடை இருந்தால் அது நல்ல ஆட்டம். விடையே இல்லையென்றால், கைபேசியை மூடிவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடம், அவர் எம்மொழியினராயினும், ஆடுபுலி ஆட்டம் தெரியுமா என்று கேளுங்கள்.